ஒரு ‘அன்ஃபிட்’ துண்டும் ஒரு குடும்பமும்: யாழ்ப்பாணத்தில் ஒரு ஹெப்படைட்டிஸ் பி நிகழ்வு ஆய்வு

வலிகாமம் பகுதியில் ஒரே கூரையின் கீழ் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றிய பதிவு இது. 2022 வைகாசியில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வருடங்கள் நடந்தவற்றைச் சொல்கிறது. குடும்பத்தினரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். சிகிச்சை பற்றிச் சொல்பவை இந்த நோயாளிகளுக்காக எடுத்த முடிவுகள். இதை வாசிப்பவர்கள் தங்களுக்கென்று அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

பின்னணி

குடும்பத் தலைவருக்கு அப்போது 38 வயது, மேசன் வேலை. 2022 இல் சீமெந்து விலை எங்கோ போய்விட்டது. பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாள்கணக்கில் வரிசை நின்ற காலம் அது. பாதியில் நின்ற வீடுகள் பாதியிலேயே நின்றன, கையில் வேலை இல்லை. அயலில் பலரைப் போல அவரும் வளைகுடா நாடொன்றுக்குக் கட்டட வேலைக்குப் போக முடிவெடுத்தார். மனைவியின் காப்பை அடகு வைத்து முகவருக்கு முற்பணம் கட்டினார்.

பயணத்துக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையில் ‘அன்ஃபிட்’ என்று வந்தது. கையில் கிடைத்த துண்டில் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடலில் இருப்பதைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜன், அதாவது எச்பிஎஸ்ஏஜி, ‘பொசிட்டிவ்’ என்று ஒரே ஒரு வரி. அதற்கு என்ன அர்த்தம், அடுத்து எங்கே போக வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஒருவர் வெளிநாடு போகலாமா கூடாதா என்று தீர்மானிப்பதற்காகவே செய்யும் பரிசோதனை அது. பதில் கிடைத்ததோடு அவர்கள் பொறுப்பு முடிந்துவிட்டது.

வீட்டில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். மனைவிக்கு 32 வயது, ஐந்து மாதக் கர்ப்பிணி. மகளுக்கு ஏழு வயது. தாய்க்கு 61, பத்து வருடமாக நீரிழிவுக்காரர். தம்பிக்கு 28, வயரிங் வேலை. ஒரு தங்கை கனடாவில் இருக்கிறார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கையில் குழந்தைகளுக்கான ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 2003 இலிருந்துதான் படிப்படியாகத் தேசியத் திட்டத்துக்குள் வந்தது. 2008 முதல் அது ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியாக 2, 4, 6 மாதங்களில் போடப்படுகிறது. ஆகவே இந்த வீட்டில் சிறுவயதில் அந்தப் பாதுகாப்புக் கிடைத்தவர் மகள் மட்டுமே. மற்ற எல்லோரும் அதற்கு முந்திய தலைமுறை.

துண்டு கிடைத்த பிறகு

அவர் ஆறு வாரம் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. ‘ஈரல் வருத்தம்’ என்றால் எங்கள் ஊரில் உடனே செங்கமாரிதான் நினைவுக்கு வரும். செங்கமாரி என்றால் மருந்து கீழ்காய்நெல்லி. அவருடைய கண்ணில் மஞ்சள் இல்லை, சிறுநீர் நிறம் மாறவில்லை, பசியும் குறையவில்லை. இருந்தும் கீழ்காய்நெல்லியை அரைத்து மோரில் கலந்து காலையில் குடித்தார். உப்பில்லாப் பத்தியம் காத்தார். மகனுக்குத் துணையாகத் தாயும் மீனையும் முட்டையையும் விட்டு அதே பத்தியத்தில் இருந்தார்.

வீட்டுக்குள் வேறொன்றும் நடந்தது. அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு குவளை, திண்ணையில் ஒரு பாய். மகளைத் தூக்கக் கூடாது, முத்தம் கொடுக்கக் கூடாது. மனைவி அவருடைய உடுப்பை வேறாகத் தோய்த்தார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ‘தொற்று’ என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்து, எப்படித் தொற்றும் என்று தெரியாவிட்டால் எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும்.

அவரை எங்களிடம் கொண்டுவந்தது அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணியைப் பார்க்க வீட்டுக்குப் போனவர், திண்ணையில் தனியாக இருந்த தட்டைக் கண்டு என்னவென்று கேட்டிருக்கிறார். மனைவி அழுதுகொண்டே துண்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். இந்த நிகழ்வில் மிகப் பெரிய திருப்பம் அந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம். அது கேட்கப்பட்டிராவிட்டால் ஆறு வாரம் ஆறு வருடமாகியிருக்கும்.

முதல் சந்திப்பு

“டொக்டர், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சீமெந்து மூட்டை தூக்கிறன். பிறகேன் அன்ஃபிட் எண்டவை?” இதுதான் அவருடைய முதல் கேள்வி.

நியாயமான கேள்வி. அதற்கான பதிலில்தான் இந்த நோயின் முழுக் குணமும் இருக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் தானாக ஈரலை அரிப்பதில்லை. அது ஈரல் கலத்துக்குள் குடியிருக்கும். நம் உடலின் எதிர்ப்புச் சக்தி அந்தக் கலங்களைத் தாக்கும்போதுதான் ஈரல் புண்படுகிறது. வளர்ந்த ஒருவருக்குப் புதிதாகத் தொற்றினால் பெரும்பாலும் உடலே அதைத் துரத்திவிடும். நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடம்தான் அது நிரந்தரமாகத் தங்கும். பிறக்கும்போதோ முதல் வயதுக்குள்ளோ தொற்றினால் கணக்குத் தலைகீழ்: நூற்றில் தொண்ணூறு பேரளவில் தங்கிவிடும். குழந்தையின் உடல் அதை எதிரியென்று இனங்காணாததுதான் காரணம். அப்படித் தங்கியது இருபது, முப்பது, நாற்பது வருடங்கள் சத்தமில்லாமல் இருக்கலாம். செங்கமாரி வரவே வராமல் ஈரல் தழும்பேறி இறுகலாம், புற்றுநோயும் வரலாம். வருத்தம் தெரியவில்லை என்பது ஈரல் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. அதேபோல, துண்டில் ‘பொசிட்டிவ்’ என்று இருப்பதும் ஈரல் பழுதாகிவிட்டது என்பதற்குச் சாட்சி ஆகாது. இரண்டையும் அவருக்குச் சொன்னோம்.

கீழ்காய்நெல்லியைப் பற்றியும் கேட்டார். ஏளனம் செய்யாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. இந்த வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976 இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கே அந்தச் செடியை ஆராய்ந்தவர்தான். சென்னை ஆய்வாளர்களோடு அவர் சேர்ந்து 1988 இல் வெளியிட்ட சிறிய ஆய்வு பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. “பார்த்திருக்கினம், உறுதிப்படவில்லை” என்று இதை அப்படியே சொன்னோம். அவர் அதை ஏற்றுக்கொண்டார். எங்கள் மண்ணின் மருந்தை நாங்கள் தூக்கியெறியவில்லை என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது.

முதலில் செய்தது பரிசோதனையைத் திரும்பச் செய்வதுதான். ஒரு துண்டை மட்டும் நம்பி ஒருவரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கக் கூடாது. மறுபரிசோதனையிலும் எச்பிஎஸ்ஏஜி பொசிட்டிவ். அண்மைத் தொற்றைக் காட்டும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் இல்லை, ஆகவே இது பழைய தொற்றாகவே இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துச் செய்த பரிசோதனை அதை உறுதிப்படுத்தியது. ஆறு மாதத்துக்கு மேல் ஆன்டிஜன் இருந்தால்தான் நாட்பட்டது என்று சொல்வது வழக்கம். வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் ஈ-ஆன்டிஜன் நெகட்டிவ். ஈரல் புண்பட்டால் இரத்தத்தில் கூடும் நொதியான எஸ்ஜிபிடி 24, அது சாதாரண அளவு. ஸ்கானில் ஈரல் சாதாரணம். வைரஸ் அளவுப் பரிசோதனைக்கு மாதிரி கொழும்புக்குப் போய்ப் பதில் வரச் சில வாரம் எடுத்தது: ஒரு மில்லிலீற்றரில் 640 சர்வதேச அலகுகள். குறைந்த அளவு. எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் சி இரண்டும் இல்லை.

ஆக, அவரிடம் வைரஸ் இருக்கிறது, ஆனால் உறங்குகிறது. அடுத்த கேள்வி, எங்கிருந்து வந்தது?

வீட்டில் கண்டது

அவருடைய சம்மதம் பெற்றுத்தான் வீட்டாரிடம் பேசினோம். அவர் சம்மதிக்காவிட்டால் என்ன செய்திருப்போம் என்பது கடினமான கேள்வி. நல்லவேளை, அதற்கு இடம் வரவில்லை. குடும்பநல உத்தியோகத்தரோடு நானும் ஒரு பின்னேரம் போனேன்.

திண்ணையில் தனித்தட்டு இருந்தது. கிணற்றடிக்குப் பக்கத்தில் முகம் கழுவும் இடத்துச் சுவரில் ஒரு மாடம். அதில் ஒரு சவர்க்காரத் துண்டு, ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு பிளாஸ்டிக் ரேசர். ஒன்றே ஒன்று. “இது யாருடையது?” என்று கேட்டேன். தம்பிக்காரர், “ரெண்டு பேருக்கும்தான். இப்ப சாமான் விக்கிற விலைக்கு ஆர் ரெண்டு வாங்கிறது?” என்றார். அண்ணனின் தட்டைத் தொடப் பயந்த வீட்டில் அண்ணன் முகம் வழித்த ரேசரால் தம்பி முகம் வழித்துக்கொண்டிருந்தார்.

இந்த வைரஸ் இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும். சோறு, தண்ணீர், தட்டு, குவளை, இருமல், அணைப்பு, முத்தம் எதுவும் இதைக் கடத்துவதில்லை. தாய்ப்பால் கொடுப்பதும் தடையில்லை. ஆனால் காய்ந்த இரத்தத்தில் உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி போதும். ரேசர், பற்தூரிகை, நகவெட்டி ஆகியவையே பிரிக்க வேண்டியவை.

இன்னொன்றையும் அன்று கண்டோம். நான் எதிர்பார்க்காதது அது. தாயின் அலுமாரி மேல் சீனி பார்க்கும் மெஷின் இருந்தது, மகள் கனடாவிலிருந்து அனுப்பியது. விரலில் குத்தும் பேனையும் அதோடு. பஸ் ஓடாத காலத்தில் அயலில் நீரிழிவுள்ள மூன்று பேர் இங்கே வந்துதான் சீனி பார்த்துப் போனார்கள். அம்மா அதைப் புண்ணியமாக நினைத்துச் செய்தார். ஊசிமுனை விலை கூடியதால் ஒன்றையே பல நாள் பாவித்தார்கள், சில நாள் எல்லோருக்கும் அதே முனை. முனையை மாற்றினாலும் பேனையின் வாயில் இரத்தம் ஒட்டியிருக்கும். உலகின் பல இடங்களில், முக்கியமாக முதியோர் இல்லங்களில், ஹெப்படைட்டிஸ் பி பரவியது இப்படிப்பட்ட பேனைகளால்தான்.

அந்த அம்மாவுக்கும் இரத்தம் எடுக்க வேண்டும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

வீட்டாரின் பரிசோதனை முடிவுகள்

மனைவிக்கு வைரஸ் இல்லை, பழைய தொற்றின் அடையாளமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. எட்டு வருட மணவாழ்க்கையில் தொற்றாமல் இருந்தது கணவரின் வைரஸ் அளவு குறைவாக இருந்ததால் ஆகலாம். மகளின் குழந்தை சுகாதாரப் பதிவேட்டில் மூன்று ஊசிகளும் பதியப்பட்டிருந்தன. அவருக்குத் தொற்று இல்லை. தம்பிக்கு முன்பு ஒருகாலம் தொற்றி உடல் தானே வென்றிருக்கிறது: ஆன்டிஜன் இல்லை, பழைய தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருளும் பாதுகாப்பைக் காட்டும் எதிர்ப்பொருளும் இருந்தன. அது அண்ணனின் ரேசரால் வந்ததா, வேறெங்காவதா என்று இனிச் சொல்ல வழியில்லை. அவருக்கு ஊசி தேவையில்லை. ஆனால் ஒரு காலத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையோ நீண்டகால ஸ்டீரொயிட் மருந்தோ எடுக்க நேர்ந்தால் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று அவருடைய கிளினிக் கொப்பியில் பெரிதாக எழுதிக் கொடுத்தோம். உடல் வென்றுவிட்ட வைரஸும் ஈரல் கலத்தின் கருவுக்குள் கொஞ்சம் ஒளிந்திருக்கும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் அதைத் திரும்ப எழுப்பக்கூடும்.

கவலை தந்தது தாயின் முடிவு. எச்பிஎஸ்ஏஜி பொசிட்டிவ், வைரஸ் அளவு 48,000. எஸ்ஜிபிடி 64, அதைப் போன்ற இன்னொரு நொதியான எஸ்ஜிஓடி 78. இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகள் 118,000, சாதாரணத்தை விடக் குறைவு. ஸ்கானில் ஈரல் கரடுமுரடாக, மண்ணீரல் சற்றுப் பெருத்து இருந்தது. எஸ்ஜிஓடியையும் தட்டுகளின் எண்ணிக்கையையும் வைத்து ஈரல் தழும்பைக் கணிக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு, ‘ஏப்ரி’ என்பார்கள். அவருக்கு அது 1.6 க்கு மேல் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வழிகாட்டலில் 1 ஐத் தாண்டினாலே சிரோசிஸை, அதாவது ஈரல் தழும்பேறி இறுகிய நிலையை, நினைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து காட்டியது, தொடக்க நிலைச் சிரோசிஸ். வயிற்றில் நீர் இல்லை, மஞ்சள் இல்லை, இரத்த வாந்தி இல்லை. வீட்டுவேலை எல்லாம் செய்துகொண்டிருந்தார். ‘கொஞ்சம் களைப்பு, அது சீனி வருத்தத்தால’ என்று அவரும் நினைத்திருந்தார், மற்றவர்களும் நினைத்திருந்தார்கள்.

பத்து வருடம் நீரிழிவுக் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போனவர். சீனி, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். எஸ்ஜிபிடி சற்றுக் கூடியிருந்தது இரண்டு முறை கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறது. நீரிழிவோடு வரும் ஈரல் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ள அது பொருந்தியும் வந்திருக்கிறது. இலங்கையில் இந்த வைரஸ் குறைவு என்பதால் மருத்துவர்களின் நினைவில் அது முதலில் வருவதில்லை. நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் கிளினிக்கில் யாரையும் தனியே குறைசொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் எஸ்ஜிபிடி கூடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் எச்பிஎஸ்ஏஜி ஒரு முறையாவது பார்க்கப்பட வேண்டும்.

முடிவைச் சொன்னபோது அம்மா தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “அப்ப நான்தான் பிள்ளைக்குக் குடுத்திட்டனோ?” என்று மட்டும் கேட்டார். மகன் பிறந்த 1984 இல் இங்கே யாருக்கும் இந்தப் பரிசோதனையோ ஊசியோ கிடைத்திருக்காது, அம்மாவுக்கும் அது பெரும்பாலும் அவருடைய தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்று சொன்னேன். மகன் பக்கத்திலிருந்து, “அம்மா, விடுங்கோ. தெரிஞ்சா ஆரும் குடுப்பினமே?” என்றார். அன்று மாலையே திண்ணைத் தட்டு உள்ளே போய்விட்டது என்று பிறகு மனைவி சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தாய்க்குச் சிகிச்சை உடனே தொடங்க வேண்டும் என்பதில் பெரியாஸ்பத்திரி நிபுணருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சிரோசிஸ் இருந்தால் வைரஸ் அளவு எதுவானாலும் மருந்து தேவை. டெனோஃபோவிர், என்டெகாவிர் என்று இரண்டு மருந்துகள் பொதுவாகப் பாவனையில் உள்ளன. இரண்டும் நல்லவை, வைரஸ் இலகுவில் எதிர்ப்பு வளர்க்க முடியாதவை. நீரிழிவால் அம்மாவின் சிறுநீரகம் ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்திருந்ததால் அதற்கு இதமான என்டெகாவிர் 0.5 மில்லிகிராம் தெரிவானது. அதை வெறும்வயிற்றில் எடுக்க வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு. சீனி மருந்து, சாப்பாடு, இடைத்தீனி என்று நாள் முழுவதும் கட்டுப்பட்டிருப்பவருக்கு இந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. மருமகளோடு இருந்து நேரம் போட்டுப் பார்த்து, இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு, படுக்கப்போகும்போது குளிசை என்று முடிவானது.

பத்தியத்தை நிறுத்தச் சொன்னோம். ஆறு வாரத்தில் அவர் நான்கு கிலோ இழந்திருந்தார். இறுகிய ஈரலுக்குப் புரதம் வேண்டும், மீனும் முட்டையும் பயறும் திரும்ப வந்தன. முழங்கால் நோவுக்குக் கடையில் தானே வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த நோக்குளிசைகள் நின்றன. சிரோசிஸ் உள்ளவரின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் அவை கெடுக்கும். பரசிட்டமோல் போதும், அதுவும் நாளுக்கு 2 கிராமைத் தாண்டாமல். பெயர் தெரியாத லேகியமும் வேண்டாம் என்றோம். இன்னொன்று, கச்சான். அம்மா கோயில் கச்சானை வாங்கிப் பேணியில் வைத்து மாதக்கணக்கில் சாப்பிடுபவர். ஈரம் பிடித்துப் பூஞ்சணம் ஏறிய கச்சானிலும் கொப்பரையிலும் அஃப்லடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவருக்கு அது ஈரல் புற்றுநோய் அபாயத்தைப் பல மடங்கு கூட்டும். கச்சானை விடத் தேவையில்லை, புதிதாக வாங்கி அன்றே முடித்தால் சரி. ஈரல் புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கானும் ஏஎஃப்பி இரத்தப் பரிசோதனையும் அவருக்கு வாழ்நாள் முழுதும்.

மகனுக்கு அப்போது மருந்து கொடுக்கவில்லை. வைரஸ் அளவு 2,000 க்குக் கீழ், எஸ்ஜிபிடி சாதாரணம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்பு என்று முடிவானது. சனிக்கிழமைச் சம்பளத்தோடு வரும் சாராயத்தையும் பின்னேரக் கள்ளையும் முற்றாக விடச் சொன்னோம். இதில் ‘கொஞ்சம்’ என்ற அளவு கிடையாது என்று சொன்னபோது நெடுநேரம் யோசித்துத்தான் தலையாட்டினார்.

மனைவிக்குத் தடுப்பூசி கர்ப்ப காலத்திலேயே தொடங்கியது. அதில் உயிருள்ள வைரஸ் இல்லை, குழந்தைக்கு ஆபத்தும் இல்லை. தொடக்கத்தில், ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில் என்று மூன்று ஊசிகள். பாதுகாப்பு வந்துவிட்டது என்று இரத்தத்தில் உறுதியாகும்வரை ஆணுறை. தொற்று உடலில் நுழைந்து பரிசோதனையில் தெரியச் சில மாதமாகலாம் என்பதால், பிரசவத்துக்கு முன் எச்பிஎஸ்ஏஜியைத் திரும்பப் பார்க்கவும் திட்டமிட்டோம். ஊசி போட்டவுடன் பார்த்தால் ஊசியில் உள்ள ஆன்டிஜனே பொசிட்டிவ் என்று காட்டிப் பயமுறுத்தும். ஆகவே இரண்டாவது ஊசி போட்டுப் பல வாரம் விட்டுத்தான் இரத்தம் எடுத்தோம். அவருக்கு வைரஸ் இருந்திருந்தால் குழந்தைக்குப் பிறந்த உடனேயே இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியும் முதல் தடுப்பூசியும் தேவைப்பட்டிருக்கும். அதற்கான ஆயத்தமும் பிரசவ விடுதியோடு பேசி வைக்கப்பட்டது.

அயலவர் விடயத்தில்தான் அதிகம் யோசித்தோம். மூன்று பேரிடமும் போய் ‘அந்த அம்மாவுக்கு இது இருக்கிறது’ என்று சொல்ல முடியாது. சொல்லாமல் விடவும் முடியாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி, அந்த வட்டாரத்து நீரிழிவுக்காரர் எல்லோருக்கும் ஒரு பொதுப் பரிசோதனை நாள் வைத்தோம். கால், கண், சீனி, இரத்த அழுத்தம், அவற்றோடு சம்மதம் கேட்டு எச்பிஎஸ்ஏஜியும். சீனி மெஷினைப் பகிர நேர்ந்தால் ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கி போட்டுத் துடைக்க வேண்டும், குத்தும் பேனையைப் பகிரவே கூடாது என்று எல்லோருக்கும் செய்து காட்டினோம். அம்மாவின் பெயர் எங்கும் வரவில்லை. மூன்று பேருக்கும் தொற்று இல்லை. சில மாதம் கழித்து மறுமுறை பார்த்தபோதும் இல்லை. தடுப்பூசியும் போட்டுக்கொண்டார்கள்.

கனடாவிலிருந்து ஒரு பதில்

தங்கைக்கும் சொல்ல வேண்டும் என்று மகனிடம் கேட்டிருந்தோம். அவர் வட்ஸ்அப்பில் எடுத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது மறுபக்கத்தில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு தங்கை சொன்னார், தனக்கு 2016 இலேயே தெரியும் என்று.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அங்கே வழமையாகச் செய்யும் பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. பிள்ளைக்குப் பிறந்த உடனேயே இரண்டு ஊசியும் போட்டிருக்கிறார்கள், பிள்ளை நலம். தாய்க்கும் சகோதரர்களுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லும்படி அங்குள்ள மருத்துவர் எழுதியும் கொடுத்திருக்கிறார். அவர் சொல்லவில்லை. இந்த நோய் எப்படி வந்தது என்று ஊரில் என்ன கதைப்பார்கள் என்ற பயம், கணவர் வீட்டார் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயம். அம்மாவைக் கவலைப்படுத்தக் கூடாது என்றும் நினைத்திருக்கிறார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பாலுறவால் தொற்றும் என்று ஒருமுறை சொல்லப்பட்ட நோய், அதன் பிறகு எந்தப் பெண்ணின் வாயிலிருந்தும் இலகுவில் வராது. ஆனால் அந்த ஆறு வருடத்தில் அம்மாவின் ஈரல் இறுகியது என்பதும் உண்மை. 2016 இல் மருந்து தொடங்கியிருந்தால் இந்த நிலைக்கு வந்திருக்காமல் இருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. நோய் வந்த வழியை முதலில் சொல்லி ஒருவரைக் கூச வைப்பதை விட, ‘பெரும்பாலும் தாயிடமிருந்து பிறப்பில் வருவது’ என்பதை முதலில் சொல்வது எத்தனையோ வாய்களைத் திறக்கும். எங்கள் கிளினிக்கில் இப்போது அப்படித்தான் தொடங்குகிறோம்.

பின்னர் நடந்தவை

2022 ஆவணிக் கடைசியில் செய்த மறுபரிசோதனையில் மனைவிக்குத் தொற்று இல்லை. புரட்டாதியில் ஆண்பிள்ளை பிறந்தது, இரண்டாம் மாதத்திலிருந்து வழமையான ஊசிகள் தொடங்கின. மார்கழியில் மனைவியின் மூன்றாவது ஊசி முடிந்தது. 2023 மாசியில் எதிர்ப்பொருள் அளவு 240. 10 க்கு மேல் இருந்தாலே பாதுகாப்பு என்று கொள்ளலாம்.

அம்மாவின் மருந்து நேராகப் போகவில்லை. நெருக்கடிக் காலத்தில் சில மாதம் குளிசையை வெளிக் கடையில் வாங்க வேண்டி வந்தது, கனடாப் பணம் கைகொடுத்தது. 2023 நடுப்பகுதியில் வைரஸ் அளவு ‘கண்டறிய முடியவில்லை’ என்று ரிப்போட் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா அதைச் சுகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் குளிசையை நிறுத்திவிட்டார், மூன்று வாரமளவில் யாருக்கும் தெரியாது. மருமகள் குளிசை மட்டை குறையாமல் இருப்பதைக் கண்டு தொலைபேசி எடுத்தார். இந்த மருந்தைத் திடீரென்று விட்டால் வைரஸ் திரும்பப் பெருகி ஈரலைக் கடுமையாகத் தாக்கலாம், சிரோசிஸ் உள்ளவருக்கு அது உயிராபத்து. உடனே இரத்தம் பார்த்தோம். எஸ்ஜிபிடி சற்று ஏறியிருந்தது, வேறு கெடுதி இல்லை. மருந்து தொடர்ந்தது, சில மாதத்தில் வைரஸ் மறுபடியும் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது. ‘கண்டறிய முடியவில்லை’ என்ற சொல்லுக்குக் கீழே ‘மருந்து போடும் காலம் மட்டும்’ என்று கையால் எழுதிக் கொடுப்பது அதன் பிறகு எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

இதை எழுதும்போது அம்மாவின் எஸ்ஜிபிடி 27, தட்டுகள் 131,000. ஸ்கானில் கட்டி எதுவும் இல்லை. இழந்த எடை திரும்பியிருக்கிறது.

மகன் வளைகுடா போகவில்லை, அந்த விதி மாறவில்லை. முகவரிடம் கட்டிய முற்பணத்தில் பாதிதான் திரும்பியது. ஊரில் கட்டட வேலை மெல்லத் திரும்பத் தொடங்கியதும் அதற்கே போகிறார். சாராயம் விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கிணற்றடி மாடத்தில் இப்போது இரண்டு ரேசர்கள், வேறு வேறு நிறத்தில்.

எதை மாற்ற வேண்டும்

பயணப் பரிசோதனையில் ‘பொசிட்டிவ்’ வரும் ஒவ்வொருவர் கையிலும் துண்டோடு இன்னொரு தாள் போக வேண்டும்: தமிழில், அரைப் பக்கம், எந்தக் கிளினிக்குக்கு எந்த நாளில் போவது என்று. பெரிய செலவில்லை. இந்தக் குடும்பத்துக்குத் தாமதமான ஆறு வாரமும் அந்தத் தாள் இல்லாததால்தான்.

நீரிழிவுக் கிளினிக்குகளில் 2003 க்கு முன் பிறந்த எல்லோருக்கும் ஒருமுறை எச்பிஎஸ்ஏஜி பார்ப்பது பயனுள்ளது என்று இந்த நிகழ்வுக்குப் பிறகு நான் உறுதியாக நம்புகிறேன். எப்படியும் இரத்தம் எடுக்கிறார்கள், அதே ஊசியில் இன்னொரு குப்பி. சீனி மெஷின் வீடுகளில் பெருகிவிட்டதால் குத்தும் பேனையைப் பற்றிய பேச்சும் அங்கேயே நடக்க வேண்டும்.

மகன் விடயத்தில் 2022 இல் எடுத்த முடிவை இப்போது திரும்பப் பார்க்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2024 பங்குனியில் வெளியிட்ட புதிய வழிகாட்டல் சிகிச்சைக்கான வாசலை அகலமாக்கியிருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது சிரோசிஸோ ஈரல் புற்றுநோயோ இருந்தால், வைரஸ் அளவும் எஸ்ஜிபிடியும் குறைவாக இருந்தாலும் மருந்து கொடுக்கலாம் என்கிறது அது. அவருடைய அம்மாவுக்குச் சிரோசிஸ். ஆகவே அவரும் இப்போது அந்த வாசலுக்குள் வருகிறார். நாற்பது வயதில் தொடங்கி வாழ்நாள் முழுதும் தினம் ஒரு குளிசை என்பது சின்ன விடயமில்லை. மருந்தை நடுவில் விட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர் அம்மாவிடம் கண்டிருக்கிறார். நிபுணரோடு ஒருமுறை பேசி முடித்துவிட்டார். மனைவியோடும் யோசித்து, அடுத்த ஆறு மாத ஸ்கானுக்கு வரும்போது பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.